பூச்சிக்கொல்லி சோதனை அட்டை: மீன் குஞ்சு வளர்ப்பவரின் மதிப்புரை

மீன் குஞ்சுகளை வளர்க்கும் நாற்றங்கால் குளங்களுக்கு ஏற்றது என்ற குறிப்புடன் விற்கப்படும் பூச்சிக்கொல்லி சோதனை அட்டையை ஒரு வளர்ப்புப் பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். தனக்குரிய வேலையை அட்டை ஒழுங்காகவே செய்கிறது. குஞ்சு வளர்ப்பவருக்கு வேண்டிய வேலை வேறு என்பதுதான் என் குறை.

அட்டையில் இரண்டு சிறு வட்டங்கள் உள்ளன. வெள்ளை வட்டத்தில் கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதியும், சிவப்பு வட்டத்தில் அந்த நொதி சிதைத்தால் நீல நிறம் தரும் சேர்மமும் ஊட்டப்பட்டுள்ளன. வெள்ளை வட்டத்தின் மேல் குளத்து நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 10 நிமிடம் கழித்து அட்டையை மடித்து, 3 நிமிடம் விரல்களுக்கிடையே அழுத்திப் பிடிக்க வேண்டும். நொதி கெடாமல் இருந்தால் வெள்ளை வட்டம் நீலமாகும். ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகைப் பூச்சிமருந்து நொதியை முடக்கியிருந்தால் வெள்ளையாகவே நிற்கும். குளிர்ந்த காலை வேளையில் நொதி மெதுவாக வேலை செய்வதால், காய்ச்சி வடித்த நீர் விட்ட இன்னோர் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மீனின் மூளையிலும் தசையிலும் நரம்புச் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்துவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிதான் என்பதால், இந்த அட்டையின் அடிப்படை எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சிக்கல் அளவில் இருக்கிறது. இந்த முறை காய்கறிகளில் ஒட்டியிருக்கும் மருந்தைக் கண்டறிய உருவானது. பெரும்பாலான மருந்துகளுக்கு அது விழித்துக்கொள்வது மில்லிகிராம் அளவில். இளம் மீன்களுக்குத் தீங்கு தொடங்குவதோ மைக்ரோகிராம் அளவில், அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கில். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், லிட்டருக்கு 0.6 முதல் 2.5 மைக்ரோகிராம் வரை குளோர்பைரிபாஸ் என்னும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து கலந்த நீரில் நான்கு நாள் வைக்கப்பட்ட கோஹோ என்னும் சால்மன் வகை இளமீன்களின் மூளை நொதி குன்றியது. நொதி குன்றிய அளவுக்கேற்ப அவை நீந்துவதும் இரை பிடிப்பதும் குறைந்தன. 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வில், லிட்டருக்கு ஒரே ஒரு மைக்ரோகிராம் டயசினான் என்னும் அதே வகை மருந்து கலந்த நீரில் இருந்த சினூக் என்னும் வேறொரு வகைச் சால்மன்கள், காயம்பட்ட மீனின் தோலிலிருந்து பரவும் எச்சரிக்கை வாசனைக்கு உறைந்து ஒடுங்கும் வழக்கத்தை இழந்தன. இந்த அளவுகளில் அட்டை அழகான நீல நிறத்தையே காட்டும்.

இன்னொரு நுட்பமான குறையும் உண்டு. குளோர்பைரிபாஸ், டயசினான், மாலத்தியான் ஆகியவை கந்தக அணுவைத் தாங்கிய வடிவில்தான் தெளிக்கப்படுகின்றன. அந்த வடிவம் நொதியைப் பெரிதாக முடக்குவதில்லை. மீனின் உடலுக்குள் புகுந்த பிறகு, கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறி, ஆக்சான் என்னும் வடிவமாக மாறும்போதுதான் நஞ்சு முழு வலிமை பெறுகிறது. ஆய்வகச் சோதனைகளில் புரோமின் நீர் சேர்த்து இந்த மாற்றத்தை முன்கூட்டியே நிகழ்த்திக்கொள்வார்கள். நான் வாங்கிய பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மருந்துகள் இந்த நொதியை விட்டு, நரம்புக்குள் சோடியத்தை விடும் வாயில்களைத் தாக்குபவை என்பதால் இந்த அட்டைக்கு அவை முற்றிலும் புலப்படா. மீன்களுக்கு மிகக் கொடிய மருந்துகளில் அவையும் அடங்கும் என்பதை நினைத்தால் இது சிறிய விடுபாடு அன்று.

மருந்து தெளிக்கும் பருவத்தில் பெய்த ஒரு கனமழைக்குப் பிறகு மூன்று நாளும் சோதித்தேன். மூன்று நாளும் நீலம். ஆனால் தீவனத் தூளைத் தூவியதும் நீரைக் கொதிக்கவைப்பதுபோல் மொய்க்கும் குஞ்சுகள் அந்நாள்களில் தாமதித்து, சிதறி வந்தன. கை நிழல் மேலே விழுந்தபோதும் விலகவில்லை. இறப்பு வழக்கத்தைவிடக் கூடவில்லை என்பதால், அட்டையை மட்டும் நம்பியிருந்தால் எதையும் கவனித்திருக்க மாட்டேன். கலந்துள்ள சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பு முறையில் நீரைச் சோதித்த ஆய்வகம், அட்டையின் எல்லைக்கு வெகு கீழே குளோர்பைரிபாஸ் இருப்பதாகத் தெரிவித்தது. ஒரு குளத்தின் அனுபவத்தை ஆய்வென்று சொல்லமாட்டேன். ஆயினும் அந்தத் தொகுதிக் குஞ்சுகள் விரலி அளவை, அதாவது விரல் நீளத்தை எட்டியபோது பெரிதும் சிறிதுமாக இருந்ததைப் பார்த்து மனம் நொந்தேன்.

பெட்டியோடு வரும் தாளில் “நீலம் வந்தால் நீர் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பானது” என்று அச்சிட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர் முதலில் நீக்க வேண்டியது இந்த வரியைத்தான். கண்டறியும் எல்லை ஒவ்வொரு மருந்துக்கும் எவ்வளவு, எந்த வகைகள் தெரியவே தெரியா என்பதை அந்த இடத்தில் அச்சிட வேண்டும். மருந்துகள் கலந்து வரும்போது நிலைமை இன்னும் கடுமையாகும்: தனித்தனியே கொல்லாத அளவில் இருந்த டயசினானும் மாலத்தியானும் சேர்ந்தபோது இளம் கோஹோ சால்மன்கள் இறந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தெளிப்பான் கழுவிய நீர் வாய்க்காலில் கலந்தது போன்ற பெருங்கேட்டை இந்த அட்டை சில நிமிடங்களில் காட்டக்கூடும். மீதமுள்ள அட்டைகளை அதற்காகவே வைத்திருக்கிறேன். வெள்ளை வந்தால் உடனே மடையை அடைக்கிறேன். நீலம் வந்தால், குஞ்சுகள் தீவனத்துக்கு எத்தனை நொடியில் திரள்கின்றன என்று எண்ணிக் குறித்துவைக்கிறேன்.