டிரெய்லர் பூட்டுகள்: ஒரே சாவியா, பல சாவியா, சாவியே வேண்டாமா?

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு, வாங்கினால் சாவி தர மாட்டார்கள், சாவிக்கொத்துதான் தருவார்கள். வாசல் கதவின் கைப்பிடிக்கு ஒன்று, அதே கதவின் மேல்பூட்டுக்கு இன்னொன்று, பக்கவாட்டில் சாமான் வைக்கும் அறைகளுக்கு ஒன்று, தண்ணீர் நிரப்பும் மூடிக்கு ஒன்று என்று அதுவே நாலைந்து இருக்கும். அதற்கு மேல் நாமாகச் சேர்ப்பவை: ஹிட்ச் பின் (வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் கொக்கியைப் பிடித்திருக்கும் ஆணி), கப்ளர் (டிரெய்லரின் முன்முனையில் அந்தக் கொக்கியோடு இணையும் பகுதி), ஸ்டெப்னி, சைக்கிள் ஸ்டாண்டு, ஜெனரேட்டரைக் கட்டும் சங்கிலி. இழுக்கும் வண்டியின் சாவியும் சேர்ந்தால் பத்தைத் தொட்டுவிடும். எது எதற்கு என்று இருட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற வேலை யாருக்கும் பிடிக்காது.

இதற்கு நாலு வழி இருக்கிறது. இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு அடையாளம் போடலாம். எல்லாப் பூட்டையும் ஒரே சாவிக்கு மாற்றலாம். வண்டிச் சாவியையே ஏற்றுக்கொள்ளும் பூட்டுகளை வாங்கலாம். அல்லது எண் அழுத்தும் பூட்டுக்குப் போய்ச் சாவியையே ஒழிக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்; வாசல் கதவுக்கு மட்டும் எண் பூட்டு. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அடையாளம் போடுகிற வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாவியின் தலையில் மாட்டும் கலர் ரப்பர் மூடிகள் கிடைக்கின்றன. சிவப்பு ஹிட்சுக்கு, நீலம் தண்ணீருக்கு என்று வைத்துக்கொண்டால் பகலில் வேலை நடக்கும். இருட்டில் நீலமும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதால், ஒன்றிரண்டு மூடிகளில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு விரலால் தடவி அறியும்படி வைப்பது நல்லது. செலவே இல்லாத வழி.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வட அமெரிக்க டிரெய்லர்கள் ஏராளமானவற்றில் சாமான் அறைக் கதவுகளுக்கு வருவது சிஎச் 751 என்ற ஒரே சாவிதான். உங்கள் சாவியைத் திருப்பிப் பாருங்கள், தலையில் அந்த எண் பொறித்திருக்கும். பக்கத்தில் நிற்கிற டிரெய்லரின் அறையை உங்கள் சாவி திறக்கும், உங்கள் அறையை அவர்கள் சாவி திறக்கும். அதே சாவி கடைகளிலும் இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. டிரெய்லர் ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அந்தப் பூட்டு உதவும், அவ்வளவுதான். கருவிகளும் மீன்பிடித் தூண்டில்களும் கேம்ப் நாற்காலிகளும் வைக்கிற இடத்துக்கு இது போதாது. ஆகவே நாலு வழிகளில் எதில் போனாலும் சிஎச் 751-ஐ மாற்றுவதுதான் முதல் வேலை என்பேன்.

அடுத்தது வண்டிச் சாவியைக் கற்றுக்கொள்ளும் பூட்டு. ஸ்ட்ராடெக் கம்பெனியின் போல்ட் வகை இதில் பெயர் பெற்றது. புதுப் பூட்டில் உங்கள் வண்டிச் சாவியை முதன்முறை செருகித் திருப்பும்போது, உள்ளே இருக்கும் தகடுகள் அந்தச் சாவியின் வெட்டுக்கு ஏற்ற உயரத்தில் நின்று அப்படியே நிலைத்துவிடும். அதற்கப்புறம் அந்தச் சாவிக்கு மட்டுமே திறக்கும். ஹிட்ச் பின், கப்ளர் பின், தொங்குபூட்டு, கம்பிப்பூட்டு என்று பல வடிவங்களில் வருகிறது. ஃபோர்டு, டொயோட்டா, நிசான் போன்ற தயாரிப்புகளுக்குத் தனித்தனி வகை. உங்கள் வண்டிக்கு உரியதைப் பார்த்து வாங்க வேண்டும். சாவிக்கொத்தில் புதிதாக எதுவுமே சேராது என்பது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. இழுக்கும் வண்டியோடு ஒட்டி நிற்கிற ஹிட்ச் பின்னுக்கு இதைவிடப் பொருத்தமான பூட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

டிரெய்லர் முழுவதற்கும் இதையே போடலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். ஒருமுறை கற்றுக்கொண்டதை அந்தப் பூட்டு மறக்காது. வேறு சாவிக்கு மாற்ற வழியில்லை. டிரெய்லர் நம்மிடம் நீண்ட காலம் இருக்கும், வண்டி அதற்கு முன்பே மாறிவிடும். வண்டியை விற்கும் அன்று அதன் சாவியையும் கொடுத்தாக வேண்டும். ஒரு பிரதியை வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் உங்கள் டிரெய்லரைத் திறக்கும் சாவி இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கும், உங்கள் கொத்திலோ உங்களுடையது அல்லாத ஒரு வண்டியின் சாவி தொங்கும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்டன் அழுத்திக் கிளப்பும் வண்டிகளில் சாவி என்பது ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னத் தகடு. அதை ஒவ்வொரு தடவையும் உருவி எடுத்துப் பூட்டைத் திறப்பது தொல்லை. கணவன் ஒரு வண்டி, மனைவி ஒரு வண்டி, இரண்டிலும் டிரெய்லரை இழுப்போம் என்கிற வீடுகளுக்கு இது ஒத்தே வராது.

சாவியே இல்லாத வழிக்கு வருவோம். வாசல் கதவுக்கு எண் அழுத்தும் பலகையோடு வரும் கைப்பிடிகளைப் பழைய கைப்பிடி இருந்த ஓட்டையிலேயே பொருத்தலாம். பெரும்பாலான டிரெய்லர் கதவுகளில் அந்த வெட்டு 2¾ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். வாங்குமுன் அளந்துவிடுங்கள். குழந்தைகள் குளியலறைக்குப் போய்த் திரும்பும்போது சாவி கேட்டு வர வேண்டாம், நண்பருக்குத் தற்காலிகமாக ஒரு எண் கொடுத்துவிட்டு அப்புறம் மாற்றிவிடலாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறோம் என்று பார்த்தால் வாசல் கதவுதான் முதலில் நிற்கும், அதனால் இந்த வசதி அங்கே மிகவும் பயன்படுகிறது. இவற்றில் பெரும்பாலும் சாதாரண ஏஏ பேட்டரிகள்தான். குளிரில் அல்கலைன் பேட்டரியின் திறன் சரியும், லித்தியம் ஏஏ தாங்கும். கடுங்குளிர் காலத்தில் நாங்கள் டிரெய்லரை எடுப்பதில்லை, ஆகவே என் நல்ல வார்த்தையை மிதமான வானிலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாவித் துளையும் சேர்ந்து இருக்கிற மாடலை மட்டும் வாங்குங்கள். பேட்டரி தீர்ந்த இரவில் உள்ளே போக அதுதான் வழி.

சாமான் அறைகளுக்கும் எண் சக்கரம் வைத்த பூட்டுகள் உண்டு. அவை எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் உயரத்தில், சக்கரம் வாரி இறைக்கும் புழுதியில் இருக்கிற பூட்டு அது. சின்னஞ்சிறு சக்கரங்களுக்கு நடுவில் மண் ஏறினால் திருப்புவதே பாடு. கையில் டார்ச்சும் வேண்டும், குனியவும் வேண்டும்.

இப்போது ஒரே சாவி. எல்லாச் சாமான் அறைகள், தண்ணீர் மூடி, மின்கம்பிக் கதவு, ஸ்டெப்னி, சங்கிலித் தொங்குபூட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு. வசதியை விளக்க வேண்டியதில்லை. என்னை இந்தப் பக்கம் இழுத்தது வசதியைவிட வேறொரு விஷயம்: டிரெய்லர் பூட்டுகள் செத்துப்போகும்.

வீட்டுப் பூட்டு கூரைக்கு அடியில் இருக்கிறது. டிரெய்லர் பூட்டு அப்படி இல்லை. மழை, வெயில், சாலைப் புழுதி, பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு எல்லாம் அதன் மேல்தான். உள்ளே இருப்பவை மெல்லிய தகடுகள், மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகள். வெளிக்கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஈரமும் மண்ணும் சேர்ந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், சாவி திரும்பாது. பலமாகத் திருப்பினால் சாவி முறுக்கிக்கொள்ளும், சில நேரம் உள்ளேயே ஒடியும். இது வருமா வராதா என்ற கேள்விக்கே இடமில்லை, எந்தப் பூட்டு முதலில் என்பதுதான் கேள்வி.

அந்த நாளில் ஒவ்வொரு வழியும் என்ன செய்கிறது என்று பாருங்கள். பல சாவி வைத்திருப்பவர் கடையில் கிடைக்கும் பூட்டை வாங்கி மாட்டுவார்; கொத்தில் இன்னொரு சாவி சேரும், அல்லது மறுபடியும் சிஎச் 751 வந்து உட்காரும். வண்டிச் சாவி வழியில் போனவர், அந்த வண்டி இன்னும் கையில் இருந்தால் தப்பித்தார். எண் பலகையின் சர்க்யூட் போனால் கைப்பிடியையே மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். ஒரே சாவி வைத்திருப்பவரோ சாவி எண்ணைச் சொல்லி ஒரே ஒரு பூட்டை வரவழைத்து மாட்டிவிடலாம். பழைய சாவியே திறக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே சாவி என்று விற்கப்படும் எல்லா செட்டுகளும் இந்த வசதியைத் தருவதில்லை. எட்டுப் பூட்டு ஒரு பெட்டியில் வரும், ஒன்றுக்கொன்று பொருந்தும், ஆனால் சாவியில் எண் இருக்காது. அந்தப் பெட்டிக்கு வெளியே அதே வெட்டில் இன்னொரு பூட்டு கிடைக்கவே கிடைக்காது. வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சாவியில் எண் இருக்கிறதா? அந்த எண்ணில் தனிப் பூட்டு விற்பார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுங்கள். அப்படியும் அந்த வரிசையை ஒருநாள் நிறுத்திவிடலாம், ஆகவே தேவைக்கு மேல் இரண்டு பூட்டுகள் சேர்த்து வாங்கி டூல் பெட்டியில் போட்டுவைப்பது என் பழக்கம்.

மாற்றுவது கடினமான வேலை இல்லை. கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தால், பூட்டின் வாலில் ஒரு தட்டையான நாக்கு ஒரு திருகால் பிடித்திருக்கும். பூட்டியிருக்கும்போது அந்த நாக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதுதான் குழப்பும். திருகைக் கழற்றி, நாக்கை எடுத்து, பின்னால் இருக்கும் அகலமான நட்டைத் தளர்த்தினால் உருளை, அதாவது சாவி நுழையும் பூட்டின் உடல், முன்பக்கமாக வந்துவிடும். அதன் உடம்பில் இரண்டு பக்கம் சீவியிருக்கும், கதவின் ஓட்டையில் சுழலாமல் இருக்க. நீளம்தான் முக்கியம்: ⅝, ⅞, 1⅛ அங்குலம் ஆகியவை பரவலாகக் கிடைக்கும் அளவுகள். ஒரே டிரெய்லரில் தடித்த கதவுக்கு ஒன்றும் மெல்லிய மூடிக்கு வேறொன்றும் இருக்கும், ஆகவே ஒன்றை அளந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். பழைய நாக்கு வளைந்ததாக இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் புதுப் பூட்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். புதிதோடு வரும் நேர் நாக்கு பல நேரம் எட்டாது.

சாவி தொலைந்தால் எல்லாமே போச்சே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொலைந்த சாவி எங்கோ வழியில் விழுந்திருந்தால் அதனால் பெரிய ஆபத்து இல்லை, எண் தெரிந்தால் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். யாரோ தெரிந்தே எடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எல்லா உருளைகளையும் மாற்றத்தான் வேண்டும், அது ஒரு செலவுதான். ஒரு எச்சரிக்கை: சில பூட்டுகளில் சாவி எண்ணைப் பூட்டின் முகத்திலேயே பொறித்திருப்பார்கள். அதை எழுதி வைத்துக்கொண்டு, முகத்தில் இருப்பதை அரம் போட்டு அழித்துவிடுங்கள். போகிற வருகிறவர்கள் படித்துவிட்டுப் போய்ச் சாவி வெட்டும்படி விட்டுவைக்க வேண்டாம்.

தட்டைச் சாவியா, குழாய் வடிவில் இருக்கும் வட்டச் சாவியா? வட்டச் சாவி ஓரளவு மேல், என்னுடையதும் அதுதான். ஆனால் அதையும் பெரிதாக நம்ப வேண்டாம். 2004-இல் சில சைக்கிள் பூட்டுகளின் வட்டத் துளையைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை விட்டே திறந்து காட்டினார்கள். டிரெய்லரின் அறைக் கதவோ நெம்புகோலுக்கே வழிவிடும். திருடுகிறவர் பூட்டைத் துழாவிக்கொண்டு உட்காரப் போவதில்லை.

கப்ளரை மட்டும் இந்த ஒரே சாவிக் கூட்டத்தில் சேர்க்காமல் விட்டேன். அறையிலிருந்து நாற்காலி போனால் நாற்காலிதான் போகும். கப்ளர் பூட்டு போனால் டிரெய்லரே போகும். கழற்றி நிறுத்தும்போது போடுகிற கப்ளர் பூட்டு கனமானதாக, தனிச் சாவியோடு இருக்கட்டும். அந்தச் சாவி தினமும் தேவைப்படாது என்பதால் கொத்திலும் வேண்டாம். கேஸ் சிலிண்டர் மூடிக்குப் பூட்டே போடாதீர்கள். கசிவு என்றால் யார் வேண்டுமானாலும் ஓடிவந்து வால்வை அடைக்க முடிய வேண்டும்.

எந்தப் பூட்டு வாங்கினாலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் புழுதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் அல்லது காய்ந்து நிற்கும் டெஃப்லான் ஸ்பிரே போடுங்கள், சாவியை நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள், துடைத்துவிடுங்கள். சீசன் தொடங்கும்போது ஒருமுறை, நிறுத்தி வைக்குமுன் ஒருமுறை செய்தால் போதும்.

கழற்றிய பழைய உருளைகளை ஒரு பையில் போட்டு, எது எந்தக் கதவுடையது என்று எழுதி வைத்திருக்கிறேன். டிரெய்லரை விற்கும்போது வாங்குகிறவர் விரும்பினால் ஒரே சாவியோடு அப்படியே கொடுத்துவிடலாம். வேண்டாம் என்றால் பழையதை மாட்டிவிட்டு என் செட்டை அடுத்த டிரெய்லருக்கு எடுத்துக்கொள்ளலாம், கதவின் தடிமன் ஒத்துவந்தால்.