செங்யூ பட அட்டைகள்: முன்பக்கம் அருமை, பின்பக்கம் நம் வேலை

செங்யூ எனப்படும் நான்கெழுத்துச் சீன மரபுத்தொடர் அட்டைகளை வாங்கும்போது முதலில் எழுத்து வடிவத்தைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் எளிய வடிவம்தான். பழைய வடிவத்தில் அச்சான பெட்டிகளும் விற்பனைக்கு வரும். வரைதலைக் குறிக்கும் 'ஹுவா' எழுத்துக்கு எளிய வடிவில் 8 கோடு, பழையதில் 12. எண்ணினால் தெரிந்துவிடும்.

இந்தப் பெட்டி எளிய வடிவம். எழுத்து பெரிது, பின்யின் (சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் முறை) தொனிக்குறிகள் தெளிவு, படங்கள் அழகு. கோளாறு பின்பக்கத்தில்: ஒற்றை வரியில் பொருள், கதையே இல்லை. 'ஹுவா ஷெ தியன் சூ' அட்டையில் கால் முளைத்த பாம்பு. பாலர் பள்ளிப் பிள்ளைக்கு அது ஏதோ வினோத மிருகம், அவ்வளவுதான். பாம்பை முதலில் வரைந்து முடிப்பவனுக்கே ஒரு கோப்பை மது என்பது போட்டி. முந்தியவன் நேரம் இருக்கிறதே என்று கால் போடப்போக, அடுத்தவன் முடித்துக் கோப்பையைப் பறித்துக்கொண்டான். இதைச் சொன்னால்தான் 'வேண்டாத வேலை' என்ற பொருள் பிடிபடும். மதுவை மைலோ ஆக்கினாலும் கதை கெடாது.

தமிழ்ப் பிள்ளைக்கு 'ஜிங் தி ஜ வா'வில் தொடங்குவது சுலபம். அப்படியே நம் கிணற்றுத் தவளை. 'வாங் யாங் பு லாவ்' காலை வாரும். ஆடு தொலைந்தபின் பட்டியைச் சரிசெய்வது என்றதும் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' வாயில் வந்துவிடும். அது தலைகீழ். இப்போதாவது அடைத்தாயே, மிச்ச ஆடுகள் தப்பும் என்பதே சீனப் பொருள். அட்டையின் ஒற்றை வரியில் இந்தப் பாதி விடுபட்டிருக்கிறது. பேனாவால் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

'ஷோவ் ஜூ தாய் தூ'வுக்கு உள்ளங்கையை வாய்முன் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 'தாய்' நம் தாய் போலவே, காற்று படாது. 'தூ'வில் காற்று கையில் மோத வேண்டும். தமிழ் நாக்குக்குச் சிரமம் இரண்டாவதுதான். மரத்தில் மோதிச் செத்த ஒரு முயலைப் பார்த்துவிட்டு, உழவை விட்டு அடுத்த முயலுக்குக் காத்திருந்தவன் கதை இது. உழைக்காமல் அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பதே பொருள். ஆனால் பேருந்துக்குக் காத்திருப்பதற்கும் பிள்ளைகள் இதையே போடுவார்கள். பொருந்தும் வாக்கியம் இரண்டு, பொருந்தாதது ஒன்று சொல்லி, தவறானதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அந்தத் தவறு குறையும்.

வாரத்துக்கு இரண்டு அட்டை போதும். கூடவே வரும் பகடை விளையாட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். அட்டை மெலிசு; லேமினேட் செய்யாவிட்டால் மூலைகள் சீக்கிரம் மடங்கும். பேனாவில் எழுத வேண்டியதை அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.