எந்த ரோலானை முதலில் படிக்கலாம்?

ஐரோப்பியக் காவிய நாயகன் ரோலானைப் பற்றி வரலாற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரே வரி. 778-ல் ஸ்பெயினிலிருந்து திரும்பிய பிராங்கிய மன்னர் சார்லமேனின் பின்படையைப் பிரனீஸ் மலைகளில் பாஸ்க் மக்கள் மறித்து அழித்தார்கள். மாண்டவர்களில் பிரிட்டனி எல்லையின் அதிகாரி ரோலானும் ஒருவன் என்று மன்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு குறித்துவைத்தார். அதை வைத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் காவியங்களே எழுதிவிட்டார்கள். அவற்றில் மூன்று முக்கியமானவை. மூன்றிலும் பெயர்தான் ஒன்று, ஆள் வேறு.

முதலாவது, 1100-ஐ ஒட்டி உருவான பழைய பிரெஞ்சு 'ரோலானின் பாடல்'. சுமார் 4,000 அடிகள்தான், இரண்டு நாளில் முடித்துவிடலாம். பாஸ்க் மக்கள் இருந்த இடத்தில் இங்கே ஸ்பெயின் நகரமான சரகோசாவின் முஸ்லிம் படை நிற்கிறது. அதனால் இதை வரலாறாகப் படிக்க வேண்டாம். பெரும்படை வருவதைப் பார்த்த நண்பன் ஆலிவர், "கொம்பை ஊது, மன்னர் திரும்பி வருவார்" என்று மறுபடி மறுபடி கேட்கிறான். குலத்துக்கு இழுக்கு என்று ரோலான் மறுக்கிறான். ஆட்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பிறகு அவனே ஊதலாம் என்கிறான். இப்போது ஆலிவர் கோபத்தோடு தடுக்கிறான். யார் சொன்னது சரி என்று கவிஞர் தீர்ப்புச் சொல்வதே இல்லை. கடைசியில் நெற்றிப்பொட்டு வெடிக்கும் அளவுக்கு ஊதுகிறான். சாகும்போது வென்ற நாடுகளையும் பிரான்சையும் மன்னரையும் நினைக்கிறான். தனக்கு நிச்சயமான ஓட் என்ற பெண் அவன் நினைவில் வரவேயில்லை. அவளோ செய்தி கேட்டதும் விழுந்து சாகிறாள். அவளுக்குப் பாடல் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

இத்தாலிக்குப் போனதும் அவன் ஒர்லாந்தோ ஆகிவிடுகிறான். கவிஞர் பொயார்டோவின் 'காதலுற்ற ஒர்லாந்தோ' 1480-களில் அச்சானது. கத்தாய் (சீனாவின் பழைய பெயர்) தேசத்து அழகி ஆஞ்செலிகா சார்லமேனின் அவைக்கு வர, போர்க்களத்து வீரன் காதலில் தடுமாறும் அசடாகிறான். ஒரு நீரைக் குடித்தால் காதல், இன்னொன்றைக் குடித்தால் வெறுப்பு என்று கதை ஜாலியாக ஓடுகிறது. ஆனால் 1494-ல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்த சமயத்தில் பாதியில் நிற்கிறது. அதே ஆண்டு பொயார்டோவும் இறந்துபோனார்.

விட்ட இடத்தில் தொடங்கியவர் அரியோஸ்டோ. 'வெறிகொண்ட ஒர்லாந்தோ' 1516-ல் 40 காண்டங்களோடு வந்து, 1532-ல் 46 ஆனது. நடுவில் இருக்கும் 23-ஆம் காண்டம் ஒன்றுக்காகவே நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆஞ்செலிகா பெரிய வீரர்களையெல்லாம் விட்டுவிட்டு, காயம்பட்டுக் கிடந்த மெதோரோ என்ற சாதாரணப் படைவீரனை மணந்துகொள்கிறாள். இருவர் பெயரும் மரமெல்லாம் செதுக்கியிருப்பதை ஒர்லாந்தோ பார்க்கிறான். இவள் வேறு ஆஞ்செலிகாவாக இருக்கும் என்கிறான். பிறகு, மெதோரோ என்பது எனக்கு அவள் வைத்த செல்லப்பெயராக இருக்கும் என்கிறான். குகையில் மெதோரோ அரபியில் எழுதிய கவிதை வேறு இருக்கிறது. பாவம், இவனுக்கு அரபி நன்றாகத் தெரியும்! இரவு தங்கிய வீட்டில் கிடைத்த படுக்கை அந்த ஜோடி படுத்திருந்ததுதான். இவன் அவளுக்கு அன்பளிப்பாகத் தந்த காப்பை, தங்க இடம் தந்ததற்காக வீட்டுக்காரனிடம் அவள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு சமாளிக்க எந்தப் பொய்யும் மிச்சமில்லை. நிர்வாணமாக மரங்களைப் பிடுங்கி எறிந்துகொண்டு ஊர் ஊராக ஓடுகிறான். அவன் தொலைத்த புத்தியை சக வீரன் அஸ்டோல்போ நிலவுக்குப் போய் ஒரு குடுவையில் எடுத்துவருகிறான். அதை முகர்ந்ததும் ஒர்லாந்தோவுக்குத் தெளிகிறது, காதலும் கூடவே போய்விடுகிறது.

பிரெஞ்சுப் பாடல் ரோலானின் மனசுக்குள் நுழைவதில்லை. அவன் செய்வதை மட்டும் காட்டும். அரியோஸ்டோ ஒரு மனசு தன்னையே ஏமாற்றுவதைப் படிப்படியாகக் காட்டுகிறார். என்ன, இவரிடம் பொறுமை வேண்டும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது கதையை அறுத்துவிட்டு வேறு ஆளிடம் போய்விடுவார். தன்னை ஆதரித்த ஃபெராராவின் எஸ்தே குடும்பத்துக்காக நீட்டி முழக்கும் வம்சப் புகழ்ச்சிகளைத் தாராளமாகத் தாண்டிவிடலாம்.

நேரம் குறைவு என்றால் பிரெஞ்சுப் பாடலில் தொடங்குங்கள். அப்புறம் நேராக 23-ஆம் காண்டத்தைத் திறந்து பாருங்கள், பிடித்தால் முதலிலிருந்து போகலாம். ஆஞ்செலிகா எங்கிருந்து வந்தாள் என்று அப்போதும் குடைந்துகொண்டிருந்தால் மட்டும் பொயார்டோ.