ஓட்டு வீட்டுக்கு ஒரு சவுண்ட்பார், அடுக்குமாடிக்கு வேறொன்று

"ஏஞ்சாமி, இப்ப அவன் என்ன சொன்னான்?"

படம் ஓடும்போது எங்கள் அப்பாரு (தாத்தா) இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பார். அவர் காதை மட்டும் குறை சொல்ல முடியாது. பல்லடத்துக்குப் பக்கத்து ஊர். நாலு வீடு தள்ளித் தறிக் கொட்டகை, தலைக்கு மேலே ஃபேன். ஒல்லி டிவியின் ஸ்பீக்கரோ கீழே பார்த்து மேசையோடு பேசிக்கொண்டிருக்கும். அவருக்காக ஒரு சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர், வாங்க நினைத்தேன். கோவையில் அடுக்குமாடியில் இருக்கும் தம்பிக்கும் அதே சமயத்தில் அந்த ஆசை வந்தது. ஒரே மாடலில் இரண்டாக எடுத்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்றுதான் கிளம்பினோம். திரும்பும்போது கையில் இருந்தவை இரண்டு வேறு வேறு பெட்டிகள்.

2.1-ஆ, 3.1-ஆ

கடைக்காரர் முதலில் போட்டுக் காட்டியது ஒரு 2.1. புள்ளிக்கு முன்னால் இருப்பது ஒலி வரும் தனித்தனி வழிகளின் (சேனல்) எண்ணிக்கை; பின்னால் இருக்கும் 1, பேஸ் என்கிற அடித்தொனிக்கான சப்வூஃபர். குத்துப்பாட்டு; நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. "பேஸ் எப்படிங்?" என்றார். நன்றாகத்தான் இருந்தது. செய்தி சேனல் ஒன்றை வைக்கச் சொன்னேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. வைத்துப் பார்த்தால், செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது.

இங்கேதான் விஷயம். 5.1-இல், அதாவது முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்ற கணக்கில், ஒலி கலந்த படங்களில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். 2.1 பாரில் நடு ஸ்பீக்கர் இல்லை. வசனத்தை இடம் வலம் இரண்டுக்கும் பங்கு போட்டு, சண்டைச் சத்தத்தோடும் பின்னணி இசையோடும் சேர்த்து அனுப்பும். 3.1-இல் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர். அதனால் அதை மட்டும் இரண்டு படி ஏற்றிக்கொள்ளலாம், வெடிச் சத்தம் கூடவே ஏறாது. அப்பாருவுக்கு வேண்டியது இவ்வளவுதான். 2.1-இலும் வாய்ஸ் மோட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது பேச்சு தெளிவாகும் அலைவரிசையைத் தூக்கிவிடும். கூடவே அங்கே இருக்கும் ஜால்ராவும் கிளாரினெட்டும் தூக்கிக்கொண்டு வரும்.

3.1-இலும் ஒரு சிக்கல் உண்டு. கேபிளில் வரும் சீரியலுக்கு இரண்டு சேனல்தான். அதிலிருந்து பேச்சைப் பிரித்து நடுவுக்கு அனுப்பத் தெரிந்த பாரும் உண்டு, தெரியாததும் உண்டு. பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கடையிலேயே சீரியலோ செய்தியோ போட்டு, பாரின் நடுப்பக்கம் காதை வைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். 200 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் இடையே அதிகபட்சம் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

பின்னால் ஸ்பீக்கர் வேண்டுமா

தம்பி 5.1 என்று ஒற்றைக் காலில் நின்றான். சோனியின் எச்டி-எஸ்20ஆர் போன்றவற்றில் பின் ஸ்பீக்கருக்கும் ஒயர்தான். கூடத்தைச் சுற்றி இழுத்தாக வேண்டும். ஜேபிஎல் பார் 1000-இல் பாரின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும், திரும்ப மாட்டினால் சார்ஜ் ஏறும். விலை மட்டும் எங்கோ இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இரண்டுமே ஆகாது. முன்வாசலில் நின்றால் பொடக்காலி வரைக்கும் நேராகத் தெரியும் வீடு. உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரே கிடையாது, நடைதான். ஒறம்பரை வந்துவிட்டால் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். பின் ஸ்பீக்கர் யாராவது ஒரு மாமா காதோரம்தான் கத்தும். சதுரமான அறை, நடுவில் ஒரே சோஃபா, பார்ப்பது மூன்று நாலு பேர் என்றால் 5.1 கொடுத்த காசுக்குக் குறை வைக்காது.

அட்மாஸும் கூரையும்

அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போலக் காட்டும் டால்பி நிறுவனத்தின் நுட்பம். மேல்நோக்கிய ஸ்பீக்கர் உள்ள பார் ஒலியைக் கூரையில் அடித்துக் கீழே இறக்குகிறது. அதற்குக் கூரை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். டால்பி சொல்லும் உயரம் ஏழரை அடியிலிருந்து 12 அடி. 14 அடிக்கு மேல் போனால் பலன் இல்லை. எங்கள் ஓட்டுக் கூரை சாய்வு, முகடு அதற்கும் மேலே. மழைச் சத்தம் மேலிருந்து வர எங்களுக்கு அட்மாஸ் எதற்கு, ஐப்பசி வந்தால் போதும். தம்பி வீட்டில் கான்கிரீட் கூரை, பத்தடிக்கும் கீழே. அங்கே அது எடுபடுகிறது.

பெட்டியில் அட்மாஸ் என்று போட்டிருந்தாலே மேல் ஸ்பீக்கர் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 3.1.2 என்று மூன்றாவதாக, உயரத்துக்கான ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். அதிலும் சில பார்கள் மேல் ஸ்பீக்கர் இல்லாமலே, ஒலியை மாற்றி அந்த உயரம் இருப்பது போலக் காட்டும். சோனி எச்டி-எக்ஸ்8500 அட்மாஸ் ஒலியை ஏற்கும், ஆனால் அது 2.1தான்.

ஒயர்

ப்ளூடூத் பாட்டுக்குச் சரி. படத்துக்கு வைத்தால் உதடு முன்னே போகும், குரல் பின்னே வரும். ஆப்டிகல் ஒயர் டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் தாங்கும். பழைய டிவிக்கு அது போதும். மற்றபடி எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயர் வழியே பாருக்கு அனுப்பும் வழி. 2009-இலேயே வந்துவிட்ட வசதி, டிவி ரிமோட்டிலேயே பாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஓடிடியில் வரும் அட்மாஸுக்கும் இதுவே போதும்; ப்ளூரே டிஸ்க் பார்ப்பவர்களுக்குத்தான் அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி தேவைப்படும். டிவியில் மூன்று எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். தம்பி வேறொன்றில் சொருகிவிட்டு, பார் ரிப்பேர் என்று ஒரு நாள் முழுக்கக் கடைக்காரரோடு மல்லுக்கட்டினான். டிவியின் ஒலி செட்டிங்கில் பிசிஎம் என்று இருப்பதையும் ஆட்டோவுக்கு மாற்ற வேண்டும்.

வைக்கும் இடம்

நல்ல பாரைக் கெடுக்க ஷோகேஸ் ஒன்று போதும். தடுப்புக்குள் ஆழமாகத் தள்ளி வைத்தால் ஒலி பக்கப் பலகையில் மோதி உள்ளேயே உருளும். பாரின் முகம் பலகை விளிம்போடு ஒட்டி இருக்கட்டும். முன்னால் கோப்பை, கொலு பொம்மை எதுவும் வேண்டாம். மேல்நோக்கிய ஸ்பீக்கர் இருந்தால் தடுப்புக்குள் வைக்கவே கூடாது. டிவிக்கு முன்னால் வைப்பதென்றால், ரிமோட் சிக்னல் வாங்கும் கண்ணை அது மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்வூஃபருக்குப் பெரும்பாலும் மூலைதான் வாய்க்கும், ஏனென்றால் அங்கேதான் இடம் காலி. இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிவிடும். எங்கள் வீட்டில் முதல் நாள் மூலையில் வைத்ததும் ரீப்பர் கட்டையில் இருந்த ஓடெல்லாம் கிடுகிடுத்தது. "ஏனுங், மேல பூனை ஓடுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். சரியான இடம் கண்டுபிடிக்கப் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே குமுறாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம். தவழும்போது வீட்டில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது கௌரவம். அடுக்குமாடியில் சப்வூஃபருக்கு அடியில் கெட்டியான ஃபோம் வைத்தால் தரை வழியாக இறங்கும் அதிர்வு கொஞ்சம் குறையும்.

தம்பி வீட்டில் வழவழ டைல்ஸ், வெறும் சுவர், கைதட்டினால் எதிரொலிக்கும். அங்கே பாரை மாற்றுவதை விட பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தது அதிகம் உதவியது. ஜன்னலுக்குக் கனமான திரையும் போட்டான். எதிரொலி அடங்கிப் பேச்சு தெளிந்தது. பேஸ் குமுறலை மட்டும் துணி ஒன்றும் செய்யாது.

இப்போது அவன் வீட்டில் 3.1.2, எங்கள் ஆசாரத்தில் (கூடத்தில்) 3.1. நடு சேனலை இரண்டு படி ஏற்றி, பேஸைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அப்பாரு வசனம் கேட்பதை நிறுத்திவிட்டார். புதுக் குறை, விளம்பரமும் தெளிவாகக் கேட்கிறதாம்.