35 அங்குல டயர் போட்ட ரேங்லருக்கு எந்த பிரேக் டிஸ்க், எந்த பேட்?

ஜீப் ரேங்லர் ஜேகே, 2007 முதல் 2018 வரை வந்த தலைமுறை. அதில் நான்கு கதவு ரூபிகான் வகை, ஆலையிலிருந்து வரும்போது இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. முன்னும் பின்னும் இரும்பு பம்பர், வின்ச், அடித்தகடுகள், கூரை கேரியர், கருவிகள், நான்கு பேர் என்று ஏற்றினால் 2,400 கிலோவைத் தாராளமாகத் தொட்டுவிடும். அதற்கு மேல் 35 அங்குல டயர். பிரேக் மட்டும் பழையதுதான்: முன் டிஸ்க் 302 மி.மீ. விட்டம், 28 மி.மீ. தடிமன், பின் டிஸ்க் 316 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன்.

ரூபிகானின் ஆலை டயர் சுமார் 32 அங்குலம். 35-க்குப் போனாலே அதே வேகக் குறைப்புக்கு 9 விழுக்காடு கூடுதல் பிடி வேண்டும். எடைக் கூடுதலையும் சேர்த்தால் பிரேக்கின் வேலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது. பெரிய டயரும் ரிம்மும் சுழலும் எடை என்பதால் அவற்றை நிறுத்தும் வேலை தனி. சமதளத்தில் இது “பெடலைக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது” என்ற அளவில்தான் தெரியும். குட்டு வெளிப்படுவது மலை இறக்கத்தில்.

2,400 கிலோ வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் ஏறக்குறைய 926 கிலோஜூல் வெப்பம். அதே வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் 23,500 கிலோஜூல், அதாவது 100-லிருந்து இருபத்தைந்து முறை நிறுத்தியதற்குச் சமம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். பெரும்பகுதியை எஞ்சின் வாங்க வேண்டும். குறைந்த கியரில் இறங்காவிட்டால் அது முழுக்க டிஸ்க்கில்தான் போய் விழும். கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கும் வண்டிகளை நடுவழியில் க்ளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி பிரேக் சூட்டை அளக்கிறார்களே, அது இதற்காகத்தான். எந்த நிறுவனத்தின் பேட் (டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) வாங்கினாலும் லோ ரேஞ்சுக்கு, அதாவது மெதுவாக இறங்க உதவும் தாழ்ந்த கியர் வரிசைக்கு, அது மாற்றாகாது. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

டிஸ்க்கைப் பார்ப்போம். கடையில் கண்ணைப் பறிப்பது துளையும், பள்ளமாக வெட்டிய கோடும் போட்டவை. துளை போடுவதால் பிடி கூடாது. டிஸ்க்கின் வேலை சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு காற்றில் விடுவது. வாங்கி வைக்க வேண்டியது இரும்பின் எடை. ஒன்பது கிலோ டிஸ்க் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஒரு நிறுத்தத்தில் முன் டிஸ்க் ஒவ்வொன்றும் சுமார் 75 பாகை செல்சியஸ் ஏறும். துளையிட்டு இரும்பைக் குறைத்தால் இன்னும் கூடுதலாக ஏறும். மீண்டும் மீண்டும் சூடாகி ஆறும்போது துளையின் விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். சேற்றில் ஓடும் வண்டியில் துளைகள் களிமண்ணால் அடைந்துபோகும். அதிலுள்ள மணல் பேட்டை அரம்போல் தேய்க்கும். கோடு போட்ட டிஸ்க்குக்கு மட்டும் காட்டு வழியில் உண்மையான பயன் உண்டு. ஓடையைக் கடந்து வந்ததும் தண்ணீர்ப் படலத்தையும் சேற்றுப் பொடியையும் வழித்தெடுக்கும். அதற்கு விலையாக பேட் சற்று வேகமாகத் தேயும், லேசான உறுமல் கேட்கும். இவை இரண்டும் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான்.

பவர் ஸ்டாப் நிறுவனத்தின் இசட்36 ட்ரக் அண்ட் டோ தொகுப்பு இந்த வண்டிக்குக் கிடைப்பவற்றில் ஒன்று. கார்பன் ஃபைபர் கலந்த செராமிக் பேட், துளையும் கோடும் போட்டுத் துத்தநாகப் பூச்சு கொடுத்த டிஸ்க், கிளிப்புகள், காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின் எனும் ஆணிக்கான கிரீஸ் எல்லாம் ஒரே பெட்டியில். பேட் நல்ல பேட்: தூசி குறைவு, சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும். பூச்சும் பயனுள்ளதுதான், பேட் படும் இடத்தில் தேய்ந்துபோனாலும் நடுப்பகுதியும் காற்றுவழிகளும் துருப்பிடிக்காமல் இருக்கும். துளைகள் இந்த வண்டிக்குத் தேவையற்றவை. இசட்36 பேட் தனியாகவும் கிடைக்கிறது. அதை வாங்கி, துளையில்லாத நல்ல டிஸ்க்கோடு சேர்ப்பதே பவர் ஸ்டாப்பில் எங்கள் தேர்வு.

ஈபிசி நிறுவனத்தின் பேட்களில் கிரீன்ஸ்டஃப் 6000, யெல்லோஸ்டஃப் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரீன்ஸ்டஃப் 6000 எஸ்யூவி-களுக்கானது, மென்மையானது, டிஸ்க்கை அதிகம் தின்னாது. நகரமும் நெடுஞ்சாலையுமாக ஓடும், அதிகம் ஏற்றாத வண்டிக்குச் சரி. எடை கூட்டிய வண்டிக்கு யெல்லோஸ்டஃப்தான். அதன் மேல் வரும் சிவப்புப் பூச்சு முதல் ஓட்டத்தில் டிஸ்க்கைச் சுத்தப்படுத்தத்தான். அது உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈபிசி-யின் ஜிடி டிஸ்க்கில் தெரியும் குழிகள் மறுபக்கம் வரை போகாதவை. துளையிட்டதுபோன்ற தோற்றம் வேண்டும், விரிசல் பயம் வேண்டாம் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

ஹாக் நிறுவனத்தின் எல்டிஎஸ், பிக்அப் போன்ற இலகு டிரக்குக்கும் எஸ்யூவி-க்கும் செய்த பேட். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் சூப்பர் டியூட்டி இருக்கிறது. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், கறுப்புத் தூசி ரிம்மை மூடும், காலைக் குளிரில் கீச்சிடும். டிரெய்லர் இல்லாதவர் சூப்பர் டியூட்டி வாங்குவது வீண். தினசரி ஓட்டத்தில் அது தன் சூட்டு எல்லைக்கு அருகில்கூடப் போகாது. மூன்று நிறுவனங்களின் பேட்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், மலையேறும் 35 அங்குல வண்டிக்கு எல்டிஎஸ்.

பேட்டின் விளிம்பில் அல்லது முதுகுத் தகட்டில் அச்சிட்ட குறியீட்டின் முடிவில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு, இரண்டாவது கூடுதல் சூட்டில் உராய்வு. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45; ஜி 0.45 முதல் 0.55. இந்த வண்டிக்கு இரட்டை எஃப்-க்குக் கீழே வாங்காதீர்கள். முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்றால் சூடேறச் சூடேறப் பிடி குறையும் பேட் என்று பொருள். இறக்கத்தில் காலை வாரும் ரகம் அதுதான். ஆனால் பேட் எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்துகள் சொல்லாது.

37 அங்குல டயருக்குப் போகிறவர்களுக்கும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் பேட் மட்டும் போதாது. டெராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் பெரிய ரோட்டார் (டிஸ்க்) தொகுப்பு 13.3 அங்குல முன் டிஸ்க்கையும், ஆலை காலிப்பரையே வெளிநோக்கி நகர்த்தும் பிராக்கெட்டையும் தருகிறது. டிஸ்க் விட்டம் 302-லிருந்து 338 மி.மீ. ஆகும்போது பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 18 மி.மீ. தள்ளிப்போகிறது. அதே மிதிக்கு 14 விழுக்காடு அளவில் கூடுதல் பிடி. சூட்டை வாங்க இரும்பும் கூடுதல். காலிப்பர் மாறாததால் பெடல் ஓட்டமும் மாறாது. செலவைப் பார்த்தால், பிடி வேண்டுபவருக்கு நேர்மையான மேம்பாடு இதுதான். ஆலை 16 அங்குல ரிம் இதற்கு ஆகாது, 17 வேண்டும். 17 ரிம்மிலும் உட்புறக் காலிப்பர் இடைவெளியை ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே பழைய பாகங்களைத் தூக்கிப் போடுங்கள்.

இந்தியாவுக்கு 2016-ல் வந்த ரேங்லரும் இதே ஜேகே தலைமுறைதான். அமெரிக்காவுக்கு வெளியே விற்ற சில ஜேகே-க்களில் ஆலையிலேயே 302-ஐ விடப் பெரிய முன் டிஸ்க் வந்திருக்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் மாடல் ஆண்டை மட்டும் நம்பாமல், சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை அளந்துவிட்டு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது பிரேக் ஆயில். ஜேகே-வுக்கு ஆலை சொல்வது டாட் 3 என்ற தரம். புதிய டாட் 3 குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் இழுத்த பிறகு 140 பாகை போதும். டாட் 4-க்கு 230, 155, டாட் 5.1-க்கு 260, 180. உலோகம் அதிகமுள்ள பேட் சூட்டை காலிப்பர் பிஸ்டனுக்கு எளிதாகக் கடத்தும். அதனால் நல்ல பேட் போட்டுப் பழைய ஆயிலை விட்டுவைத்தால், பேட் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஆயில் கொதித்து பெடல் தரையோடு போகும். டாட் 4 அல்லது 5.1 ஊற்றி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் ரகம். இவற்றோடு கலக்கவே கூடாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் சில. பழைய டிஸ்க் வராவிட்டால் பின்பக்கம் ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா பாருங்கள். ஜேகே-வின் பின் டிஸ்க்குக்குள் ஹேண்ட் பிரேக் ஷூ இருக்கிறது, அதன் நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்தினால் வந்துவிடும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து அழுக்கு ஆயிலை வெளியே விடுங்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் அது திரும்பிப் போகக் கூடாது. காலிப்பர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து பின்னை இறுக்கிவிடும். லிஃப்ட் போட்டு உயர்த்திய வண்டியில் அச்சு முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டிஸ்க் உட்காரும் சக்கர மையமான ஹப்பின் முகம். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் அங்கே இருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் பளபளவெனத் தேய்த்தெடுக்க வேண்டும். துருவோடு மாட்டினால் டிஸ்க் சற்றே சாய்ந்து உட்காரும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது, சுற்றும் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். கூடினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க் ஒரே இடத்தில் பேட்டை உரசி உரசி, சில ஆயிரம் கி.மீ.-க்குப் பிறகு தடிமன் சீரற்றுப்போய் ஸ்டீயரிங் உதறும். “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று புதிய டிஸ்க்கைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். துரு அங்கேயே இருப்பதால் உதறலும் திரும்பி வருகிறது. வீல் நட்டை ஏர் கன்னால் அடித்து இறுக்குவதும் இதே கோளாறைக் கொண்டுவரும். டார்க் ரென்ச்சால், ஒன்றுவிட்டு ஒன்றாக, 95 அடி-பவுண்டு.

பேட்டைப் படியவைக்காமல் மலைக்குப் போகாதீர்கள். பவர் ஸ்டாப் சொல்லும் முறை: 64 கி.மீ. வேகத்திலிருந்து 16-க்கு ஐந்து முறை, இடையில் ஆறவிடாமல்; பிறகு 56-லிருந்து 8-க்கு மிதமாக ஐந்து முறை; அதன்பின் முழுதாக நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓட்டி ஆறவிடுவது. பிசின் கருகும் வாடை வருவது இயல்பு. ஹாக் பேட்டுக்கு முறை வேறு, பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். எந்த பேட்டானாலும் சூட்டோடு வண்டியை நிறுத்தி பெடலை அமுக்கிக்கொண்டே நிற்கக் கூடாது. பேட்டின் பொருள் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காட்டு வழி போய்வந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி, டிஸ்க்குக்கும் உட்புறத் தகட்டுக்கும் இடையிலுள்ள சேற்றை எடுத்துவிடுங்கள்; ஆனால் டிஸ்க் ஆறிய பிறகு. அந்த இடுக்கில் சிறு கல் சிக்கினால் எழும் சத்தம், பேட் தேய்ந்து இரும்பு உரசுவதுபோலவே இருக்கும். தகட்டை விரலால் சற்று வளைத்து வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினால் பெரும்பாலும் விழுந்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, அதை நெருங்கிவிட்டால் கடைசல் போடாமல் புதிதை மாற்றுங்கள். கனமான வண்டியில் டிஸ்க்கைக் கடைந்து மெலிதாக்கினால், சூட்டைத் தாங்க வேண்டிய இரும்பும் அதோடு போய்விடும்.