தலைவர்களின் கையெழுத்தில் குணம் காணும் பயிற்சி வகுப்பு: ஒரு மதிப்புரை

தலைவர்களின் கையெழுத்தைப் பார்த்து அவர்களுடைய குணத்தை அறிவது எப்படி என்று கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்து முடித்தேன். காணொளிப் பாடங்கள், கையெழுத்துப் படிகள் அடங்கிய கையேடு, நாம் எழுதி அனுப்பும் ஒரு பக்கத்தை ஆராய்ந்து தரும் தனிப்பட்ட அறிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தது இந்த வகுப்பு. நடத்துபவரின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன். இதே பாடங்களைச் சிறு மாற்றங்களுடன் பலரும் நடத்துவதால், இங்கே சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் நிறைகளைச் சொல்ல வேண்டும். தொடக்கப் பாடங்கள் உண்மையிலேயே நன்றாக அமைந்திருக்கின்றன. 1622இல் இத்தாலியரான கமில்லோ பால்டி கையெழுத்தையும் குணத்தையும் இணைத்து எழுதியது முதல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பாதிரியார் மிஷோன் இந்தத் துறைக்குக் கிராஃபாலஜி என்று பெயரிட்டது வரையிலான வரலாறு தெளிவாகச் சொல்லப்படுகிறது. அதன்பின், எழுத்தின் சாய்வு, பேனாவின் அழுத்தம், சொற்களுக்கிடையே விடப்படும் இடைவெளி, ஓரங்களின் அகலம், வரி ஏறுகிறதா இறங்குகிறதா என்பவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்கப் பழக்குகிறார்கள். ஒரு பக்கத்தை அவசரமின்றி உற்றுப் பார்க்கும் பழக்கம் அரிது. பழைய கடிதங்களிலும் ஆவணங்களிலும் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி மட்டுமே போதுமான பயன் தரும். கையேட்டின் அச்சும் தரமானது. மை தடித்த இடமும் மெலிந்த இடமும் கண்ணுக்குத் தெரிகின்றன.

சிக்கல் தலைவர்களைப் பற்றிய பாடங்களில்தான் தொடங்குகிறது. வகுப்பின் பெயருக்கும் விளம்பரத்துக்கும் அடிப்படையே அவைதான் என்பதால், அவற்றைத் தனியாகவும் விரிவாகவும் எடைபோட வேண்டியிருக்கிறது. நெப்போலியனின் கையொப்பம் 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியின்போது மேல்நோக்கி ஏறியது என்றும், 1813இல் லைப்சிக் தோல்விக்குப் பின் கீழ்நோக்கி விழுந்தது என்றும் காட்டுகிறார்கள். அமெரிக்க அதிபர் நிக்சனின் கையொப்பம், எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரம் முற்றமுற்ற உருவிழந்து, 1974இல் அவர் பதவி விலகும் காலத்தில் வெறும் கீறலாகிவிட்டது என்று சொல்கிறார்கள். கேட்பதற்கு ஈர்ப்பாக இருக்கிறது. ஆனால் இரண்டு உதாரணங்களிலும் முடிவு என்ன என்பது நமக்கு முன்னரே தெரியும். வென்றவரின் கோட்டில் உறுதியையும் வீழ்ந்தவரின் கோட்டில் சோர்வையும் பார்க்கும்படி நம் கண் முன்பே தயார்செய்யப்பட்டிருக்கிறது. எழுதியவர் யார் என்று தெரியாத நிலையில் இதே கணிப்பைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியை வகுப்பு ஓரிடத்திலும் எழுப்பவில்லை.

அப்படி ஒரு சோதனை, யாரும் திட்டமிடாமலே, 2005 ஜனவரியில் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் நடந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும், பில் கேட்ஸும், பாடகர் போனோவும் பங்கேற்ற நிகழ்ச்சிக்குப் பின், மேசையில் கிடந்த கிறுக்கல் தாள்கள் பத்திரிகையாளர்களிடம் சிக்கின. அவை பிளேருடையவை என்று கருதிய பிரிட்டிஷ் பத்திரிகைகள் கையெழுத்து வல்லுநர்களை அணுகின. எழுதியவர் கடும் மன அழுத்தத்தில் இருக்கிறார், கவனம் சிதறுகிறது, இயல்பான தலைமைப் பண்பு கொண்டவர் அல்லர் என்றெல்லாம் விளக்கங்கள் வெளியாயின. பிறகுதான் அந்தத் தாள்கள் கேட்ஸுடையவை என்று பிரதமர் அலுவலகம் தெரிவித்தது. அரசியல் நெருக்கடியில் இருந்த பிரதமரைப் பற்றி அன்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததையே, உலகின் மிகப்பெரிய நிறுவனங்களுள் ஒன்றை உருவாக்கியவரின் கிறுக்கலில் வல்லுநர்கள் படித்திருந்தார்கள். தலைவர்களின் கையெழுத்தைப் பற்றிய எந்த வகுப்பும் முதல் பாடமாக வைக்க வேண்டிய நிகழ்ச்சி இது. இந்த வகுப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காந்தியைப் பற்றிய பாடம் எனக்கு மிகுந்த ஏமாற்றம் அளித்தது. அவருடைய ஒழுங்கற்ற எழுத்தில் எளிமையும் ஆடம்பர வெறுப்பும் தெரிகின்றன என்று பயிற்சியாளர் சொல்கிறார். காந்தியோ தம் வாழ்க்கை வரலாற்றில், தமது கையெழுத்து மோசமாக இருப்பதற்காக வெட்கப்படுகிறார். இளமையில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதன் விளைவு அது என்றும், மோசமான கையெழுத்தைக் குறைபட்ட கல்வியின் அடையாளமாகவே கொள்ள வேண்டும் என்றும் எழுதுகிறார். அதைவிட முக்கியமான சான்று 1909 நவம்பரில் கிடைக்கிறது. இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு கில்டோனன் காசில் கப்பலில் திரும்புகையில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை எழுதிய காந்தி, வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் தொடர்ந்தார். 275 பக்கக் கையெழுத்துப் படியில் சுமார் 40 பக்கங்கள் இடக்கையால் எழுதப்பட்டவை. ஒரே மனிதர், ஒரே பயணம், ஒரே சிந்தனை. கையெழுத்து மட்டும் இரண்டு. இவற்றில் எதை வைத்து அவருடைய குணத்தைச் சொல்வது? நிமிடக் கணக்கில் எளிமையைப் பற்றிப் பேசும் பாடம் இந்தக் கேள்வியை நெருங்கவே இல்லை.

தலைவர்களின் கையொப்பத்துக்கென்றே சில தனி இயல்புகள் உண்டு. அவற்றையும் வகுப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2010இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஒபாமா கையொப்பமிட்டபோது 22 பேனாக்களைப் பயன்படுத்தினார். அந்தப் பேனாக்களை நினைவுப் பொருளாகக் கொடுப்பது அங்குள்ள மரபு. ஒரு பெயரை இத்தனை துண்டுகளாக எழுதினால் அதில் சாய்வுக்கும் அழுத்தத்துக்கும் என்ன பொருள் இருக்க முடியும்? அமெரிக்க நிதியமைச்சராக 2013இல் பதவியேற்ற ஜேக் லூவின் கையொப்பம் வெறும் சுழிகளின் வரிசை. பணத்தாளில் அச்சாக வேண்டும் என்றதும் அதைப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். பல தலைவர்களின் கடிதங்களில் கையொப்பத்தை இயந்திரமே இடுகிறது. நோயையும் மறக்கக் கூடாது: பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் எழுத்து படிப்படியாகச் சிறுத்துப்போகும். அது நரம்பின் செய்தி. மன உறுதி குலைந்ததன் செய்தி அன்று.

எனக்கு வந்த அறிக்கையை எடுத்துக்கொள்கிறேன். வெளியில் கட்டுப்பாடு மிக்கவராகத் தோன்றினாலும் உள்ளுக்குள் கவலைப்படுபவர் என்றும், பயன்படுத்தப்படாத திறமைகள் நிறைய உள்ளவர் என்றும் அது சொல்கிறது. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், 39 மாணவர்களுக்குத் தனித்தனிக் கணிப்பு என்று சொல்லி ஒரே பத்தியைக் கொடுத்த சோதனையில் இருந்தவை ஏறத்தாழ இதே வாக்கியங்கள். அந்த மாணவர்கள் அதன் துல்லியத்துக்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தார்கள். அறிக்கை பொருந்துகிறது என்ற உணர்வு அதன் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

கையொப்பத்தைப் பற்றிய எல்லா ஆய்வுகளும் வெறுங்கையோடு திரும்பியவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிறுவனத் தலைவர்களின் கையொப்ப அளவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, பெரிய கையொப்பத்துக்கும் தற்பெருமைக்கும், அளவுமீறிய முதலீட்டுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. ஆனால் அது பெருந்தொகையான தலைவர்களிடையே காணப்படும் ஒரு சாய்மானம். ஒரு தனி மனிதரின் கையொப்பத்தைப் பார்த்து அவர் இப்படிப்பட்டவர் என்று தீர்ப்பளிக்க அது இடம் தராது. வகுப்பில் கற்பிக்கும் விதிகளில் பல, ஆங்கில ‘டி’யின் குறுக்குக்கோட்டையும் ‘ஐ’யின் புள்ளியையும் சார்ந்தவை என்பதால், தமிழிலோ அரபியிலோ எழுதுபவருக்கு அவை எப்படிப் பொருந்தும் என்பதும் விளக்கப்படவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது கடைசி அத்தியாயம். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் விண்ணப்பிப்பவர்களில் தலைமைப் பண்பு உள்ளவரைக் கையெழுத்தால் தேர்ந்தெடுக்கலாம் என்று அது கற்பிக்கிறது. இத்தகைய தேர்வுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆய்வாளர்கள் நெட்டரும் பென்-ஷாகரும் 1989இல் வெளியிட்ட பகுப்பாய்வில், விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதிய பக்கங்களைப் படித்துச் சொன்ன கணிப்பில், கையெழுத்து வல்லுநர்கள் அந்தப் பயிற்சியே இல்லாதவர்களைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை. கொஞ்சநஞ்சம் சரியாக வந்ததும் எழுதப்பட்ட செய்தியிலிருந்து வந்திருக்கக்கூடியதே. ஒருவரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இந்தக் கருவியை வைப்பது அநீதி.

வரலாற்றுக்காகவும் கையேட்டின் படங்களுக்காகவும் வாங்குபவர்கள் தலைவர்கள் பகுதிக்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம். அறிக்கைச் சேவைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் புதிய பயிற்சி ஒன்றைச் சேர்க்கும்படி நடத்துபவருக்கு எழுதியிருக்கிறேன்: பெயரும் காலமும் மறைக்கப்பட்ட, செய்தியிலிருந்தும் ஆளை ஊகிக்க முடியாத பழைய பக்கங்களைக் கொடுக்க வேண்டும், தளபதியும் கணக்கரும், அமைச்சரும் அவருடைய எழுத்தரும் அதில் கலந்திருக்க வேண்டும், மாணவர்கள் தங்கள் கணிப்பை எழுதி ஒப்படைத்த பிறகே விடைத்தாளைத் திறக்க வேண்டும்.