கையால் செய்பவர்களுக்குத் தனிப் போட்டி என்று சொல்லி 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: சென்னை காஸ்ப்ளே நண்பர்களே, ஜாக்கிரதை

சென்னையில் காஸ்ப்ளே (கதைப் பாத்திரங்களைப் போல உடை போட்டு நடிப்பது) செய்கிறவர்கள், அதிலும் வீட்டில் உட்கார்ந்து தானே வெட்டி, ஒட்டி, தைத்து உடை செய்கிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். என் பணம் 14,500 ரூபாய் போய்விட்டது. பணத்தோடு என் பேட்டர்ன்களும் (உடையை வெட்டுவதற்கான அளவு வரைபடங்கள்) போய்விட்டன. இதைச் செய்தது ரெடிமேட் காஸ்ப்ளே உடை விற்கிற ஓர் ஆன்லைன் கடை. அந்தப் போட்டி நடந்த காஸ்ப்ளே விழாவையும் அவர்களேதான் நடத்தினார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் (காமிக்ஸ், காஸ்ப்ளே ரசிகர்களின் பெரிய விழா) நடந்தது. நான் சொல்கிற விழா அது இல்லை, அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அறிவிப்பு வந்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அந்த ஒரு போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் உடை எந்த அனிமேயிலிருந்தும் எடுத்தது இல்லை, நானே வரைந்த ஒரு படைவீராங்கனை. தோள்பட்டைக்கு மட்டும் தெருக்கூத்தில் கட்டுகிற புஜகீர்த்தியை மாதிரியாக வைத்துக்கொண்டேன். காஞ்சிபுரம் பக்கம் என் பாட்டி ஊரில் ஒரு கூத்துக்காரப் பெரியவர் இருக்கிறார். லேசான மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த தன் அணிகலன்களை என் கையில் கொடுத்து, “அளவு எடுத்துக்கம்மா” என்றார். ஒரு பைசா கேட்கவில்லை. அதை ஈ.வி.ஏ. ஃபோமில் (ரப்பர் மாதிரி மெத்தென்ற ஷீட்) கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஃபோம் ஷீட்டுக்குப் பாரிமுனை, துணிக்குக் கோடவுன் தெரு, உள்ளே வைக்கிற எல்.ஈ.டி.க்கு ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஆபீஸ் முடிந்து அலைந்திருக்கிறேன். சென்னை ஈரக்காற்றில் கான்டாக்ட் சிமென்ட் என்கிற பசை காய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் மறுநாளே பிரிந்துகொள்ளும். ராத்திரி முழுக்க ஃபேன் போட்டுக் காயவைத்து, திரும்ப ஒட்டியிருக்கிறேன். உள்துணி தைத்தது அம்மாவின் மெஷினில்.

அந்தத் தம்பி போனில் முதலில் கேட்ட கேள்வி: “அக்கா, அந்த ஷோல்டர் பத்து எம்.எம்.மா, இல்ல அஞ்சு எம்.எம். ரெண்டு ஒட்டுனதா?” அஞ்சு எம்.எம். இரண்டு, தனித்தனியாக ஹீட் கன் (சூடான காற்று அடிக்கிற கருவி) காட்டி வளைத்து ஒட்டியது என்றேன். “நெனச்சேன்க்கா, அதான் வளைவு அவ்ளோ சுத்தமா இருக்கு. அது கூத்துல வர்ற புஜகீர்த்திதானே?” என்றார். நான் இணையத்தில் போட்ட உடைப் படத்தைப் பார்த்த நூறு பேர் “சூப்பர்” என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புஜகீர்த்தி என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். என் வேலை தெரிந்த ஒருவர் பேசுகிறார் என்று நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அவர் சொன்னது இதுதான். கையால் செய்த உடைகளுக்குத் தனிப் பிரிவு, ரெடிமேடுக்கு அதில் இடமில்லை. நடுவர்கள் தையலையும் ஒட்டிய விதத்தையும் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இரண்டு நாளும் உடையைக் காட்சிக்கு வைக்க மேசை உண்டு. முதல் பரிசு 50,000. இதற்கு ‘கிரியேட்டர் பாஸ்’ 14,500 ரூபாய், அதில் 10,000 டெபாசிட், விழா முடிந்த வாரமே திரும்ப வரும். இதோடு, செய்த முறையைக் காட்டும் பில்ட் ஃபைலையும் முழு அளவு பேட்டர்ன்களையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், “நடுவர்கள் ஸ்டடி பண்ணணும்க்கா.” பெரிய போட்டிகளில் பில்ட் ஃபைல் கேட்பது வழக்கம்தான். அனுப்பினேன். 14,500 ரூபாயையும் யு.பி.ஐ.யில் போட்டேன்.

விழாவன்று மேசை இல்லை. கையால் செய்தவர்களுக்கான பிரிவே இல்லை. “என்ட்ரி கம்மி, ஓபன் கேட்டகரியோட மெர்ஜ் பண்ணிட்டோம்.” என் கண் முன்னாலேயே அதே பாஸ் வாங்கிய மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவர் என்று யாரும் வந்து தொட்டுப் பார்க்கவில்லை. க்யூ.ஆர். கோடு ஸ்கேன் செய்து பார்வையாளர்கள் ஓட்டுப் போட வேண்டுமாம். அவர்கள் ஸ்டாலில் பொருள் வாங்கினால் பில்லுக்கு ஏற்ப கூடுதல் ஓட்டு! முதல் பரிசு அவர்கள் கடை உடைக்கே போனது. அதைப் போட்டிருந்த பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றாகவே நடித்தார். வாங்கிப் போடுகிறவர்களும் நம் ஆட்கள்தான், எல்லாருக்கும் ஹீட் கன் பிடிக்க நேரமும் இடமும் இருக்காது. ஆனால் கடைக்காரரே போட்டி நடத்தி, தன் சரக்குக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? அதற்கு எங்களிடம் ஏன் பணம் வாங்க வேண்டும்?

“இந்தியாவுல ஹேண்ட்மேட் ஜட்ஜிங்லாம் செட் ஆகாது மேடம்” என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். இந்தப் பொழுதுபோக்கே கைவேலையில் தொடங்கியதுதான். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ், ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால உடை போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு உடையையும் தைத்தது மிர்ட்டில்தான். அந்த மரபில் வந்த உடைப் போட்டிகளில் இன்றும் மேடைக்குத் தனி மதிப்பெண், கைவேலைக்குத் தனி மதிப்பெண். புதியவர், தேர்ந்தவர் என்று பிரிவு வைப்பதும் உண்டு. நாங்கள் இல்லாததைக் கேட்கவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. “அக்கவுன்ட்ஸ்கிட்ட சொல்லிட்டேன் மேடம்.” “மண்டே வந்துடும்.” “சார் ஊர்ல இல்ல.” பணம் கொடுக்கும்வரை அக்கா, கொடுத்த பிறகு மேடம். பிறகு ஒருநாள், டெபாசிட்டும் சேர்த்து 14,500 ரூபாயும் திருப்பித் தரப்படாது என்று ஒரு விதிமுறைப் பக்கத்தை அனுப்பினார்கள். பணம் கட்டும்போது அந்தப் பக்கத்தை யாரும் காட்டவில்லை. போன் எடுக்கவில்லை. கடைசியில் பிளாக்.

இதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். போன வாரம் அவர்கள் கடையில் ஒரு ‘வாரியர் ஷோல்டர் கிட்’ விற்பனைக்கு வந்திருக்கிறது. என் பேட்டர்ன். கண்ணாடிச் சில்லு வரிசை, வளைவு உடையாமல் இருக்க உள்பக்கம் நான் போட்ட முக்கோண வெட்டு, எல்லாம் அப்படியே. தோழியின் நம்பரிலிருந்து கேட்டபோது வந்த பதில்: “அது கூத்து டிசைன், எல்லாருக்கும் பொது.” ஆமாம், கூத்து கூத்துக்காரர்களுடையது. அந்தப் பெரியவர் அதை விலை பேசவில்லை. பேட்டர்னை எடுத்து கிட் போட்டு விற்கிற இவர்கள் யார்?

எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் முன்பெல்லாம் யாராவது ஒரு ஹெல்மெட் செய்தால் அன்றைக்கே பேட்டர்னைப் போட்டுவிடுவார்கள். பசை எந்தக் கடை, பெயின்ட் எது, எங்கே சொதப்பியது, எல்லாம் வரும். நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். இப்போது முடிந்த படம் மட்டும்தான் வருகிறது, அதுவும் வாட்டர்மார்க்கோடு. என்னோடு பாஸ் வாங்கிய வியாசர்பாடித் தம்பி, தெர்மாகோலையும் பழைய பைக் பார்ட்ஸையும் வைத்து ஒரு ரோபோ செய்திருந்தான். என்னைவிட நூறு மடங்கு திறமை. அவன் சொல்கிறான், “அடுத்த தடவை வாடகைக்கு எடுத்துடலாம்க்கா, ஜெயிக்கிறது அதுதானே.” என் 14,500 ரூபாயைவிட எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. முழு அளவு பேட்டர்னை யாருக்கும் முன்கூட்டி அனுப்பாதீர்கள், சிறிய படம் போதும். உடை விற்கிறவரே போட்டி நடத்தினால், நடுவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். டெபாசிட் என்றாலே ஒதுங்குங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

அந்த விழாவுக்கு 14,500 ரூபாய் பாஸ் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். யு.பி.ஐ. ரசீது, சாட், போஸ்டர் எதையும் அழிக்காதீர்கள். சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.